குற்றப் பரபரப்புத் திரைப்பட முன்னோட்டங்களில் வகைமை மரபும் பலியானவரின் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

திரைப்பட முன்னோட்டம் ஒரு விளம்பரம். அதே வேளையில் அது தன்னளவில் ஒரு பனுவலும் ஆகும். குற்றப் பரபரப்புத் திரைப்படங்களின் முன்னோட்டங்கள் இடம், காலம், பொருள், ஒலி ஆகியவற்றில் நிலைபெற்ற மரபுகளைக் கையாண்டு, பார்வையாளரைத் துப்பறிவாளர் நிலையில் நிறுத்துகின்றன. இக்கட்டுரை ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960), ‘ஃபிரென்சி’ (1972), டேவிட் ஃபிஞ்சரின் ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’ (2011), ‘கான் கேர்ள்’ (2014) ஆகிய படங்களின் முன்னோட்டங்களைத் தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் பகுப்பின் துணைகொண்டு ஆராய்கிறது. இம்மரபுகளின் உள்ளே பலியான பெண் மாந்தராக அல்லாமல் கருப்பொருளாக அமைக்கப்படுகிறாள் என்பதும், அவ்வமைப்பு வகைமையின் கட்டாயம் அன்று என்பதும் இதன் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: முன்னோட்டம், வகைமை, குற்றப் பரபரப்புப் படம், பாயிரம், முதல்-கரு-உரி, ஹிட்ச்காக், ஃபிஞ்சர்

முன்னுரை

நூலுக்கு முன் நிற்கும் உரையைப் பற்றித் தமிழ் இலக்கண மரபு விரிவாகச் சிந்தித்துள்ளது. நன்னூல் பாயிரத்திற்குப் பல பெயர்களைத் தருகிறது. அவற்றுள் நூன்முகம் என்பது வாயிலையும், புறவுரை என்பது நூலுக்கு வெளியே நிற்கும் நிலையையும், புனைந்துரை என்பது சிறப்பித்துக் கூறும் நோக்கத்தையும் சுட்டுகின்றன. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ஜெனெத் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் தலைப்பு, முன்னுரை, அட்டைக் குறிப்பு போன்றவற்றைப் பனுவலின் வாயிற்படியாகக் கண்டார். திரைப்பட முன்னோட்டத்தை ஆராய்வோர் பலர் இவருடைய கருத்தாக்கத்திலிருந்தே தொடங்குகின்றனர். வாயில், புறம், புனைவு ஆகிய மூன்று தன்மைகளும் முன்னோட்டத்திற்குப் பொருந்துவன என்பதால், பாயிர மரபிலிருந்து தொடங்குவதும் தக்கதே.

எனினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சிலப்பதிகாரத்தின் பதிகம் கதை முழுவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கோவலன் பொற்கொல்லனிடம் சிலம்பைக் காட்டியதும், அதனால் கள்வன் எனக் குற்றம் சாட்டப்பட்டுக் கொலையுண்டதும், கண்ணகியின் சினமும் காப்பியத்தைத் தொடங்கும் முன்பே படிப்போர்க்குத் தெரிந்துவிடுகின்றன. யார் குற்றவாளி என்பது அங்குப் புதிராக அமைவதில்லை. ஏன், எவ்வாறு என்பனவே வினாக்கள். குற்றப் பரபரப்புப் படத்தின் முன்னோட்டமோ சொல்ல வேண்டியதையும் மறைக்க வேண்டியதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டிய பனுவல். குற்றம் நிகழ்ந்தது என்பதை அது சொல்லியாக வேண்டும். இல்லையேல் படம் எவ்வகையைச் சேர்ந்தது என்பது விளங்காது. அக்குற்றத்தின் முழுமையை அது மறைத்தாக வேண்டும். இல்லையேல் படத்தைக் காணத் தேவையிராது. இந்த இரட்டைக் கடப்பாட்டை நிறைவேற்ற அது எம்மரபுகளைக் கையாள்கிறது, அம்மரபுகளின் விலை என்ன என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

வகைமை மரபும் முதல்-கரு-உரிப் பகுப்பும்

அமெரிக்க முன்னோட்டங்களை விரிவாக ஆராய்ந்த லிசா கெர்னன், 2004இல் வெளியான தம் நூலில் அவற்றின் வற்புறுத்தும் முறைகளை வகைமை, கதை, நட்சத்திரம் என மூன்றாகப் பிரித்தார். ‘இது நீங்கள் விரும்பும் வகைப் படம்’, ‘இது நீங்கள் அறிய விரும்பும் கதை’, ‘இதில் நீங்கள் விரும்பும் நடிகர் இருக்கிறார்’ என்னும் மூன்று அழைப்புகளாக இவற்றைச் சுருக்கிக் கூறலாம். குற்றப் பரபரப்புப் படத்தைப் பொறுத்தவரை கதை என்னும் அழைப்பை முழுமையாகப் பயன்படுத்த இயலாது. நட்சத்திர அழைப்பும் சில வேளைகளில் மறைப்புக்கு இடையூறாகும். ஃபிஞ்சரின் ‘செவன்’ (1995) படத்தில் கொலையாளியாக நடித்த கெவின் ஸ்பேசியின் பெயர் விளம்பரங்களிலும் தொடக்கப் பெயர்ப்பட்டியலிலும் இடம்பெறாமல் தவிர்க்கப்பட்டது இதற்குத் தக்க சான்று. ஆகவே சுமையின் பெரும்பகுதியை வகைமை என்னும் அழைப்பே தாங்க வேண்டியுள்ளது.

வகைமை மரபுகளைத் திரைத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் நீண்ட பட்டியலாகத் தருகின்றன: இருள், மழை, தனித்த வீடு, கத்தி, செய்தித்தாள் துணுக்கு, புகைப்படம், விசாரணை அறை, அலறல், மெல்லிசையிலிருந்து பேரோசைக்குத் தாவும் இசை. பட்டியல் பயனுடையதே. ஆயினும், இவற்றுள் எது இன்றியமையாதது, எது மாற்றத்தக்கது என்பதை அது விளக்குவதில்லை. இங்குத் தொல்காப்பிய அகத்திணையியலின் பகுப்பு உதவுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய பொருள்கள் கருப்பொருள். மாந்தர்க்குரிய ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. அகப்பாடல்களுக்கு வகுத்த விதியைத் திரைப்படத்தின் மேல் அப்படியே ஏற்றுவது இங்கு நோக்கமன்று. மரபின் உறுப்புகள் அனைத்தும் ஒரே தகுதி உடையன அல்ல என்னும் அதன் உள்ளீடான கருத்தே இங்குக் கொள்ளப்படுகிறது.

இப்பகுப்பின்படி, இருளும் தனித்த வீடும் முதற்பொருள். கத்தியும் புகைப்படமும் கருப்பொருள். மறைந்திருப்பதை அறியத் துடிக்கும் தேடலும் அதை அறிய அஞ்சும் அச்சமும் உரிப்பொருள். முதலும் கருவும் பிற வகைமைகளோடு மயங்கினாலும் குற்றப் பரபரப்பு முன்னோட்டம் அடையாளம் இழப்பதில்லை. உரி மயங்கினால் இழக்கும். இக்கூற்றைச் சோதிக்க ‘சைக்கோ’வின் முன்னோட்டம் ஏற்ற களம்.

‘சைக்கோ’: பகலில் ஒரு கொலைக்களம்

இராபர்ட் பிளாக் 1959இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி எடுக்கப்பட்ட ‘சைக்கோ’வின் முன்னோட்டம் ஆறு நிமிடங்களுக்கும் மேல் நீள்வது. படத்தின் காட்சித் துணுக்குகளைத் தொகுக்கும் வழக்கமான முறையை அது கைவிடுகிறது. 1955 முதல் தொலைக்காட்சித் தொடரின் வழியாக அமெரிக்க இல்லங்களுக்கு அறிமுகமாகியிருந்த ஹிட்ச்காக், தாமே படப்பிடிப்புக் களத்தில் தோன்றி, சுற்றுலா வழிகாட்டியைப் போலப் பார்வையாளரை அழைத்துச் செல்கிறார். சாலையோர விடுதி, அதன் பின்னுள்ள பழைய வீடு, வீட்டின் மாடிப்படி, தாயின் படுக்கையறை, விடுதி அலுவலகத்தின் பின்னறை, முதலாம் எண் அறை, அதன் குளியலறை என்பது அவர் செல்லும் வழி.

இங்கு மரபின் முதற்பொருள் மாற்றப்பட்டுள்ளது. நேரம் பகல். பகலிலும் அவ்வீடு சற்று அச்சமூட்டுவதாகவே உள்ளது என்று அவரே குறிப்பிடுகிறார். இரவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் பகல் இருப்பதைப் பார்வையாளர் உணர வேண்டும் என்பது நோக்கம். இசையும் நெடுநேரம் இலகுவான எள்ளல் தன்மையுடையது. கருப்பொருளும் நீக்கப்பட்டுள்ளது. கத்தி சொல்லில் வருகிறது, திரையில் இல்லை. குருதியும் இல்லை, குளியலறை தூய்மை செய்யப்பட்டுவிட்டது என்றும், முன்பு பார்த்திருக்க வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். ஆக, நிகழ்ந்தது முடிந்து, தடயம் துடைக்கப்பட்ட வெற்றிடத்தையே முன்னோட்டம் காட்டுகிறது.

எனினும் இதனை நகைச்சுவைப் பட முன்னோட்டமாக எவரும் கொள்வதில்லை. காரணம், உரிப்பொருள் சிதையாமல் இருப்பதே. அதைக் காக்கும் கருவி முற்றுப்பெறாத தொடர். அவ்வீட்டுப் பெண்ணின் இயல்பைச் சொல்லத் தொடங்கி நிறுத்துகிறார்; சுவரிலுள்ள படத்திற்குப் பெரிய முக்கியத்துவம் உண்டு என்று கூறிக் காரணத்தைச் சொல்லாமல் அடுத்த அறைக்கு அழைக்கிறார்; கழிப்பறைக் கலத்தின் மூடியைத் திறந்து முக்கியத் தடயம் இங்கே கிடைத்தது என்கிறார், எது என்று சொல்வதில்லை. ரோலான் பார்த் 1970இல் வெளியிட்ட ‘எஸ்/இசட்’ நூலில், கதையில் வினாவை எழுப்பி விடையைத் தள்ளிப்போடும் கூறுகளைப் புதிர்க் குறியீடு என்னும் பெயரால் தொகுத்தார். ஹிட்ச்காக்கின் பாதித் தொடர்கள் அக்குறியீட்டின் தூய வடிவம்: வினா இருக்கிறது, விடைக்கான இடமும் இருக்கிறது, விடை மட்டும் இல்லை. பிற்கால முன்னோட்டங்களில் காட்சிகளுக்கிடையே திரை ஒரு கணம் கருமையாகும் வெட்டு இதே பணியைச் செய்கிறது.

துப்பறியும் புனைவில் குற்றத்தின் கதை, புலனாய்வின் கதை என இரு கதைகள் உண்டு என்பது 1966இல் தோதரோவ் முன்வைத்த கருத்து. ‘சைக்கோ’வின் முன்னோட்டம் முதற்கதையை முழுவதும் நீக்கி, இரண்டாம் கதையை மட்டும் நிகழ்த்துகிறது. அதில் புலனாய்வு செய்யும் மாந்தர் படத்தில் வருபவர் அல்லர். இயக்குநரும் அவர் பின்னே நடக்கும் பார்வையாளருமே. இந்த ஏற்பாடு படம் காணும் அனுபவத்தையும் மாற்றுகிறது. திரூஃபோவுடனான உரையாடலில் ஹிட்ச்காக் திடுக்கிடலையும் தவிப்பையும் வேறுபடுத்தினார்: மேசைக்கடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளர் அறியாவிடில் வெடிப்பு ஒரு நொடித் திடுக்கிடல், அறிந்திருந்தால் அதுவரையிலான உரையாடல் முழுவதும் தவிப்பு. படத்தை மட்டும் காண்பவருக்குக் குளியலறைக் கொலை திடுக்கிடல். முன்னோட்டத்தைக் கண்டவருக்கோ அக்குளியலறை ஏற்கெனவே குண்டு வைக்கப்பட்ட மேசை. எந்த இடத்தில் என்பதை முன்னோட்டம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. எவர், எப்போது என்பவற்றை மட்டும் காக்கிறது.

அது பொய்யும் சொல்கிறது. மாடிப்படிக் கொலையை ஒரு பெண் செய்ததாகவே ஹிட்ச்காக் விவரிக்கிறார். மகனை இரக்கத்துக்குரியவனாகக் காட்டுகிறார். படத்தின் இறுதி உண்மைக்கு இவை நேர் எதிரானவை. துப்பறியும் புனைவு படிப்போர்க்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்று இரானல்ட் நாக்ஸ் 1929இல் பத்து விதிகளை வகுத்தார். முன்னோட்டம் அவ்வொப்பந்தத்துக்குக் கட்டுப்படவில்லை. புறவுரை என்னும் பெயர் இங்குப் புதிய பொருள் பெறுகிறது: நூலுக்குப் புறத்தே நிற்பதால், நூலின் அறத்துக்கும் அது புறத்தே நிற்கிறது.

பெயரற்ற அலறல்

முன்னோட்டத்தின் இறுதியில் ஹிட்ச்காக் குளியலறைத் திரைச்சீலையை விலக்குகிறார். அலறும் பெண்ணின் முகம் அண்மைக் காட்சியில் தோன்றுகிறது. பெர்னார்ட் ஹெர்மனின் நரம்பிசை கீறலாய் எழுகிறது. அதுவரை சொல்லால் மட்டும் இருந்த பலி இங்கு ஒரு கணம் உடலும் குரலும் பெறுகிறது. ஆனால் அம்முகம் படத்தில் அவ்விடத்தில் கொல்லப்படும் மரியனாக நடித்த ஜேனட் லீயுடையதன்று. பொய்முடி அணிந்த வீரா மைல்ஸ் அக்காட்சியில் நடித்துள்ளார். படத்தில் அவர் ஏற்றது மரியனின் தங்கை லைலாவின் வேடம். அதாவது, காணாமற்போன அக்காவைத் தேடி அவ்வீட்டுக்குள் நுழையும் பெண்.

இந்த மாற்றீட்டைத் தயாரிப்பு வசதி என்று கடந்துவிடலாம். ஆனால் அது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதே திறனாய்வின் வினா. பார்வையாளர் வேறுபாட்டைக் கவனிக்கமாட்டார் என்று மரபு உறுதியளிக்கிறது. மரபுக்குத் தேவை ஒரு பெண் முகமும் ஓர் அலறலும். எவருடையது என்பது பொருட்டன்று. தேடிச் செல்பவளையே பலியானவளின் இடத்தில் நிறுத்திவிட முடிகிறது. முன்னோட்டம் முழுவதிலும் ‘பலியானவர்’ என்னும் பொதுச்சொல்லே வருகிறது. மரியன் என்னும் பெயர் ஒருமுறைகூட ஒலிப்பதில்லை. கத்தியும் திரைச்சீலையும் போல, அலறும் பெண்ணும் இந்நிலத்தின் கருப்பொருளாகிவிடுகிறாள். முருக நிலத்தின் மயில் எந்த மயில் என்று கேட்பாரில்லை. அதுபோலவே குற்ற நிலத்தின் பலியானவள் யார் என்று கேட்பாரில்லை.

மரியன் முற்பகுதியிலேயே இறப்பது படத்தின் பெருமறைபொருள் என்பதால் பெயரைச் சொல்லாதிருப்பது கதைத் தேவை என்று மறுக்கலாம். இம்மறுப்பு ‘சைக்கோ’வுக்குப் பொருந்தும். ஆனால் ‘ஃபிரென்சி’க்குப் பொருந்தாது. அப்படத்தில் கொலையாளி எவர் என்பதைப் பார்வையாளர் முற்பகுதியிலேயே அறிந்துவிடுகிறார். காக்க வேண்டிய புதிர் பெரிதாக இல்லை. ஆயினும் முன்னோட்டம் அதே வழியில் செல்கிறது. தேம்ஸ் ஆற்றில் மல்லாந்து மிதந்தபடி ஹிட்ச்காக் பேசத் தொடங்குகிறார். பின்னர்க் கோவென்ட் கார்டன் காய்கனிச் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெண்ணின் காலைக் காட்டி, ஆட்டுக்காலும் கோழிக்காலும் கேள்விப்பட்டதுண்டு, உருளைக்கிழங்குக்குக் கால் உண்டென்று கேள்விப்பட்டதில்லை என்னும் பொருள்படச் சிலேடை செய்கிறார். சிலேடை கூர்மையானது, சிரிப்பும் வருகிறது. ஆனால் அச்சிரிப்பு, பலியானவள் சந்தைச் சரக்குகளுள் ஒன்றாக எண்ணப்பட்ட பிறகே வருகிறது. இங்குப் பெயரின்மைக்குக் கதைத் தேவை காரணமன்று, மரபே காரணம்.

ஃபிஞ்சரின் முன்னோட்டங்கள்: மரபின் ஏற்பும் திருப்பமும்

அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’வின் முதல் முன்னோட்டத்தில் வழிகாட்டி இல்லை, உரையாடலும் இல்லை. லெட் செப்பலின் ‘இமிகிரன்ட் சாங்’ பாடலுக்குத் திரென்ட் ரெஸ்னர், ஆட்டிகஸ் ராஸ், கேரன் ஓ ஆகியோர் அளித்த புதுவடிவத்தின் தாளத்திற்கேற்பக் காட்சித் துணுக்குகள் வெட்டப்படுகின்றன. ஒவ்வொன்றும் இன்னதென அறியும் முன்பே மறைகிறது. ஹிட்ச்காக்கின் முற்றுப்பெறாத தொடர் இங்கு முற்றுப்பெறாத காட்சியாகியுள்ளது. இடையிடையே ஒரு காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது: பனி படர்ந்த பாதையில் பெரிய மாளிகை ஒன்றை நோக்கி முன்னேறும் காமிரா. ‘சைக்கோ’ வீட்டின் முதற்பொருள் இங்குத் தொடர்வதைக் காணலாம். கிறித்துமஸ் காலத்தின் மகிழ்ச்சிப் படங்களுக்கு எதிராகத் தன்னைத் துயரூட்டும் படம் என்று அறிவித்துக்கொள்ளும் அதன் விளம்பரத் தொடர், வகைமை என்னும் அழைப்பை மிக வெளிப்படையாக்குகிறது. இசையின் விசையே உணர்வைச் சுமப்பதால், பெண்களின் தொடர்கொலை என்னும் படத்தின் பொருள் முன்னோட்டத்தில் வெறும் வேகமாக உருமாறுகிறது. மரபை இது திறம்படக் கையாள்கிறது, வினவுவதில்லை.

‘கான் கேர்ள்’ அதை வினவுகிறது. கில்லியன் ஃபிளின் 2012இல் வெளியிட்ட தம் புதினத்துக்குத் தாமே திரைக்கதை அமைத்த படம் இது. இதன் முதல் முன்னோட்டத்தில் ஷார்ல் அஸ்னவூர் பாடிப் புகழ்பெற்ற ‘ஷீ’ என்னும் காதற்பாடலின் மறுவடிவம் ஒலிக்கிறது. காணாமற்போன மனைவி, தேடும் ஊர், ஐயத்துக்குரிய கணவன் என மரபின் உறுப்புகள் ஒவ்வொன்றாய் வருகின்றன; இறுதியில் நீருக்கடியில் அசைவற்றுக் கிடக்கும் ஏமியின் உடல். பார்வையாளர் மரபுப்படி முடிவு செய்துவிடுகிறார்: மனைவி கொல்லப்பட்டாள், கணவன் கொன்றான்.

படமோ நடுப்பகுதியில் ஏமி உயிரோடிருப்பதை வெளிப்படுத்துகிறது. தன் கொலைக்கான தடயங்களையும் பொய் நாட்குறிப்பையும் அவளே ஆக்கி வைத்திருக்கிறாள். நீரடியில் கிடக்கும் உடல் அவள் தனக்கென எண்ணிப்பார்த்த முடிவு, நிகழ்ந்ததன்று. ‘சைக்கோ’வின் முன்னோட்டம் சொன்ன பொய்யும் இதுவும் ஒன்றல்ல. முன்னது குற்றவாளியைப் பற்றிய பொய். அது மரபைக் காக்கிறது. பின்னது பலியானவளைப் பற்றிய பொய். அது மரபை நம்பியவரின் நம்பிக்கையையே தடயமாக்கிக் காட்டுகிறது. இறந்த பெண்ணின் உடலைக் கண்டவுடன் அதைக் கருப்பொருளாக ஏற்கும் பழக்கத்தைக் கதைக்குள் ஏமியும், கதைக்கு வெளியே முன்னோட்டமும் பயன்படுத்துகின்றன. ஏமி அறத்தின் வடிவம் அல்லள். பிறர் மீது பெருங்கொடுமை இழைப்பவள். ஆகவே இப்படத்தைப் பெண் விடுதலையின் குரலாகக் கொள்ளவேண்டியதில்லை. மரபு எவ்வளவு எளிதாக இயங்குகிறது என்பதை இது புலப்படுத்துகிறது என்பதே போதிய முடிவு.

தமிழ்ச் சான்று ஒன்று

பலியானவரைக் கருப்பொருளாக்குவது வகைமையின் தவிர்க்கவியலாக் கூறா என்னும் வினாவுக்குத் தமிழ்த் திரைப்படத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். சு. பாலசந்தர் இயக்கத்தில் ஏவிஎம் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’ பாடல்கள் இன்றி அமைந்தது. படத்தின் தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் ஏற்ற இராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். நட்சத்திரமே முதலில் வீழ்வது ‘சைக்கோ’வுக்கு ஆறாண்டுகள் முந்தியது. ஆயினும் அதன் பின் வரும் ஒவ்வொரு வாக்குமூலமும் இராஜனின் பெயரையும் இயல்பையும் வாழ்வையும் சிறிது சிறிதாகக் கட்டியெழுப்புகிறது. கொன்றவர் யார் என்னும் வினாவோடு, இறந்தவன் யார் என்னும் வினாவும் சேர்ந்தே வளர்கிறது. இங்குத் தேடல் என்னும் உரிப்பொருள் குறையவில்லை, மிகுந்துள்ளது. இராஜன் ஆண், அவன் வேடம் ஏற்றவர் புகழ்பெற்ற நடிகர் என்னும் வேறுபாடுகளைக் கருத்தில் கொண்டாலும், பலியானவரின் பெயரும் வாழ்வும் குற்றக் கதையின் பரபரப்புக்குப் பகையல்ல என்பதை இப்படம் நிறுவுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. குற்றப் பரபரப்பு முன்னோட்டத்தின் மரபுகள் சமநிலை உடையன அல்ல. முதலும் கருவும் மாறலாம், தேடலும் அச்சமும் ஆகிய உரிப்பொருளே வகைமையைத் தீர்மானிக்கிறது. இவ்வுரிப்பொருளைக் காக்கும் முதன்மை உத்தி முற்றுப்பெறாமை. ஹிட்ச்காக்கிடம் அது சொல்லிலும், ஃபிஞ்சரிடம் வெட்டிலும் அமைகிறது. பலியான பெண்ணைப் பெயரற்ற கருப்பொருளாக்குவது மறைப்பின் தேவையால் மட்டும் விளைவதன்று என்பதை ‘ஃபிரென்சி’யும், அது இன்றியும் குற்றக்கதை இயங்கும் என்பதை ‘அந்த நாள்’ படமும் காட்டுகின்றன. ‘கான் கேர்ள்’ அம்மரபையே பொறியாக்கிப் பார்வையாளரின் பழக்கத்தை வெளிச்சமிடுகிறது.

முதலும் கருவும் மயங்கலாம் என்றால், பலியானவரைக் கருவின் இடத்திலிருந்து எடுத்து மாந்தரின் இடத்தில் வைப்பதற்கும் வகைமை இடம் தருகிறது என்பதே பொருள். இன்றைய தமிழ்க் குற்றப் படங்களின் முன்னோட்டங்களை ஆராய முற்படுவோர், அவற்றில் கத்தி எத்தனைமுறை காட்டப்படுகிறது என்று எண்ணுவதோடு, இறந்தவரின் பெயர் ஒருமுறையேனும் சொல்லப்படுகிறதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.